மிரண்டு நிற்கும் குட்டிக் கிளி: புது வீட்டில் முதல் 30 நாளை எப்படிக் கடப்பது?

கடையில் மற்ற கிளிகளோடு கலகலவென்று இருந்த குட்டிக் கிளி, வீட்டுக்கு வந்ததும் கூண்டின் பின்மூலையில் ஒட்டிக்கொண்டு அசையாமல் நிற்கிறது. வைத்த தீனி அப்படியே இருக்கிறது. கையை உள்ளே விட்டால் கம்பியில் முட்டி மோதிப் பறக்கிறது. மூன்றாவது நாள் வீட்டில் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: "இது பழகாத கிளிப்பா, கொடுத்துட்டு வேற வாங்கலாம்."

பெரும்பாலும் கிளியிடம் ஒரு குறையும் இருக்காது. நாம்தான் அவசரப்படுகிறோம். இளம் கிளி புது வீட்டில் பயப்படுவது இயல்பு. அந்தப் பயம் குறையும் வேகத்தைக் கிளிதான் தீர்மானிக்கும். நம் வேலை இரண்டு: அந்த வேகத்தைச் சரியாகக் கவனிப்பது, அதற்குள் கிளியின் உயிருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்வது. இரண்டையும் எப்படிச் செய்வது என்று பார்ப்போம்.

ஏன் சாலையை உதாரணமா எடுத்துக்கிறோம்?

திருவனந்தபுரத்தில் கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை நீளும் கடைத்தெருதான் சாலை. திருவிதாங்கூர் திவானாக இருந்த ராஜா கேசவதாஸ் 18-ம் நூற்றாண்டின் இறுதியில் உருவாக்கிய சந்தை இது. தமிழ் வியாபாரிகளும் தமிழ்க் குடும்பங்களும் பல தலைமுறைகளாக இங்கே இருக்கிறார்கள். எழுத்தாளர் ஆ. மாதவன் இதே தெருவில் கடை நடத்திக்கொண்டே சாலையைத் தமிழ்ச் சிறுகதைக்குள் கொண்டுவந்தார். இன்று இந்தப் பக்கம் வாடகைக்கு இருந்துகொண்டு, சுமார் 15 கிலோமீட்டர் தள்ளியுள்ள கழக்கூட்டம் டெக்னோபார்க்குக்கு வேலைக்குப் போகிறவர்களும் உண்டு.

ஒரு கிளியின் கண்ணிலிருந்து பார்த்தால் இது கஷ்டமான இடம். மூட்டை இறக்கும் சத்தம், ஹாரன், கீழே கடை மேலே வீடு என்ற நெருக்கமான கட்டடங்கள், காய்கறிச் சந்தையைச் சுற்றும் காக்கை, பூனை, எலி. போதாக்குறைக்கு வருடத்தில் ஒரு நாள் தெரு முழுக்கப் புகை. இங்கே ஒரு கிளியை நிம்மதியாக வைத்திருக்க முடிந்தால், தி.நகரிலோ மதுரை மாசி வீதியிலோ பெங்களூரு சிக்பேட்டையிலோ இருக்கும் உங்கள் வீட்டிலும் முடியும்.

முதல் கேள்வி: உங்க வீட்டுக் கிளி எந்த இனம்?

பழக்குவதற்கு முன்னால் சட்டம். கழுத்தில் வளையம் போட்ட நம்ம ஊர்ப் பச்சைக்கிளி, அதைவிடப் பெரிதாகத் தோளில் சிவப்புத் திட்டு உள்ள பெரிய பச்சைக்கிளி, மேற்குத்தொடர்ச்சி மலைக்கே உரிய நீலப் பைங்கிளி ஆகியவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன் கீழ் பாதுகாக்கப்பட்ட காட்டுப் பறவைகள். வாங்குவது, விற்பது, கூண்டில் வளர்ப்பது எல்லாமே குற்றம். 2022-ல் திருத்தப்பட்ட சட்டப்படி 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம்.

கிளி ஜோசியக்காரரின் கூண்டைப் பார்த்தே வளர்ந்த நமக்கு இது உறைப்பதில்லை. 2023 பிப்ரவரியில் சென்னையில் ஒரு திரைப்பட நடிகரின் வீட்டிலிருந்து இரண்டு பெரிய பச்சைக்கிளிகளை வனத்துறை எடுத்துச் சென்று 2.5 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தபோதுதான் பலருக்குத் தெரிய வந்தது.

உங்களிடம் இருப்பது இந்த வகைக் கிளி என்றால், அதைப் பழக்குவதற்கான குறிப்பு இந்தக் கட்டுரையில் இல்லை. மரப்பொந்திலிருந்து எடுக்கப்பட்ட குஞ்சு அது. அதன் பயத்துக்கு மருந்து வனத்துறையிடம் ஒப்படைப்பதுதான். நீங்களே ஜன்னலைத் திறந்து பறக்கவிடவும் வேண்டாம். கையில் வளர்ந்த பறவைக்கு இரை தேடவும் பருந்திடமிருந்து தப்பவும் தெரியாது. நீலம், மஞ்சள் என்று வேறு நிறத்தில் 'ரிங்நெக்' எனக் கடையில் விற்கப்படுவது பெரும்பாலும் இதே வளையப் பச்சைக்கிளிதான். நிறம் மாறியதால் இனம் மாறிவிடாது. வாங்கும் முன்பே வனத்துறையிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்போ எதை வளர்க்கலாம்? வெளிநாட்டு இனங்களில், கூண்டிலேயே பிறந்து வளர்ந்தவற்றை வளர்க்கலாம். இவற்றிலும் இரண்டு வகை உண்டு.

* பதிவு தேவையில்லாதவை: பட்ஜரிகர், காக்கட்டீல், பீச் நிற முகம் கொண்ட லவ்பேர்ட். இவை சர்வதேச வனவிலங்கு வணிக ஒப்பந்தமான 'சைட்டீஸ்' பட்டியலில் இல்லை.
* பதிவு கட்டாயமானவை: சன் கன்யூர், சாம்பல் கிளி, மக்காவ் போன்று 'சைட்டீஸ்' பட்டியலில் உள்ளவை. 2024 பிப்ரவரி 28 அன்று வெளியான மத்திய அரசு விதிகளின்படி, பறவை கைக்கு வந்த 30 நாட்களுக்குள் 'பரிவேஷ்' இணையதளத்தில் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

ஒரு சின்னக் குழப்பம்: தமிழ்நாட்டுக் கடைகளில் 'லவ் பேர்ட்ஸ்' என்று விற்கப்படுவது பெரும்பாலும் ஆஸ்திரேலியாவின் பட்ஜரிகர். அசல் லவ்பேர்ட் ஆப்பிரிக்கப் பறவை. அதிலும் எல்லா வகைக்கும் பதிவு விலக்கு கிடையாது. பெயரைச் சரியாகக் கேட்டு, ரசீதில் எழுதி வாங்குங்கள். காலில் வளையம் இருந்தால் அதன் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது கேட்க வேண்டியது என்ன?

"இது தானா சாப்பிடுதா?" இதுதான் முதல் கேள்வி. 'குஞ்சிலேயே வாங்கி ஊட்டி வளர்த்தா நல்லா ஒட்டிக்கும்' என்று சொல்லி, சிரிஞ்சில் ஊட்ட வேண்டிய குஞ்சுகளை விற்பவர்கள் உண்டு. ஊட்டும் கஞ்சி சூடு கூடினால் இரைப்பை வெந்துவிடும். தவறான குழாயில் போனால் நுரையீரலில் இறங்கிவிடும். அனுபவம் இல்லாத கையில் இது உயிருக்கே ஆபத்து. காக்கட்டீல் குஞ்சு முழுதாகத் தானாகச் சாப்பிட சுமார் 8 முதல் 10 வாரம் ஆகும். அதுவரை காத்திருங்கள்.

அடுத்து, இதுவரை தின்ற அதே தீனியில் ஒரு கிலோ கேட்டு வாங்குங்கள். இடம், ஆள், கூட்டம் எல்லாம் ஒரே நாளில் மாறும் பறவைக்குத் தட்டில் இருப்பதாவது மாறாமல் இருக்கட்டும். சத்தான உணவுக்கு மாற்றுவதை இரண்டு வாரம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

கிளி ஏன் இவ்வளவு பயப்படுது?

கிளி வேட்டையாடப்படும் பறவை. அதன் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதே சுற்றிலும் வரும் ஆபத்தைக் கவனிக்கத்தான். மேலிருந்து வேகமாக இறங்கும் எதுவும் அதற்குப் பருந்து. கூண்டின் மேல்பக்கம் வழியாக நீங்கள் ஆசையாக நீட்டும் கையும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

இன்னொன்று, கிளி கூட்டமாக வாழும் பறவை. பத்து ஜோடிக் கண்கள் காவல் காக்கும்போதுதான் ஒரு கிளி நிம்மதியாகத் தின்னும், தூங்கும். உங்கள் வீட்டுக்கு வந்த அன்று அந்தக் காவல் மொத்தமும் போய்விடுகிறது. அசையாமல் நிற்பது பிடிவாதம் இல்லை. ஆபத்து கடந்து போகட்டும் என்று காத்திருக்கிறது.

உலகத்தின் மிகப் பிரபலமான கிளிக்கும் இதே கதைதான். 1977-ல் சிகாகோ பகுதியில் ஒரு கடையிலிருந்து ஒரு வயதுச் சாம்பல் கிளியை வாங்கினார் ஆய்வாளர் ஐரீன் பெப்பர்பெர்க். முதல் நாட்களில் அதுவும் அவருடைய கைக்கு வரப் பயந்த கிளிதான். 'அலெக்ஸ்' என்ற அந்தக் கிளி 2007-ல் இறப்பதற்குள் 100-க்கும் மேற்பட்ட சொற்களைப் பயன்படுத்தவும், நிறம், வடிவம், எண்ணிக்கையைச் சொல்லவும் கற்றிருந்தது.

பயம் குறைய என்ன உதவும் என்பதற்கும் ஆய்வு இருக்கிறது. கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் மீஹன், மென்ச் என்ற இரு ஆய்வாளர்கள் இளம் அமேசான் கிளிகளை வைத்து நடத்திய ஆய்வு 2002-ல் வெளியானது. கடித்துக் கிழிக்க, தேடித் தின்ன, ஏறி விளையாடப் பொருட்கள் இருந்த கூண்டில் வளர்ந்த கிளிகள், வெறும் கூண்டில் வளர்ந்தவற்றைவிடப் புதிய பொருட்களைப் பார்த்துக் குறைவாகப் பயந்தன. அதாவது கூண்டுக்குள் வேலை இருந்தால் தைரியமும் வளரும்.

கூண்டை எங்கே வைக்கிறது?

கிளி வருவதற்கு முந்தின நாளே கூண்டு தயாராக இருக்கணும். இடம் தேர்வு செய்ய ஐந்து விதிகள்:

* சுவரை ஒட்டிய மூலை. நாலு பக்கமும் திறந்திருந்தால் கிளிக்குக் காவல் காப்பதே வேலையாகிவிடும். இரண்டு பக்கம் சுவர், மூன்றாவது பக்கம் பாதிக்கு ஒரு வெளிர்நிறப் பருத்தித் துணி போதும்.
* உயரம் உங்கள் மார்பு மட்டம். தரையில் வைத்தால் எல்லோரும் மேலிருந்து குனிவார்கள். அலமாரி உச்சியில் வைத்தால் உங்களால் பழக்க முடியாது.
* தெருப்பக்க ஜன்னல் வேண்டாம். சாலை மாதிரி கடைத்தெருவில் அந்த ஜன்னல் வழியாகச் சத்தம், புகை, காக்கை மூன்றும் வரும். உள் அறையில், காற்று வரும் சுவரோரம் நல்லது. வெயில் நேராக விழக்கூடாது.
* சமையலறையும் அதன் வாசலும் கூடாது.
* சீலிங் ஃபேனுக்கு நேர் கீழே வேண்டாம்.

சமையலறை ஏன் கூடாது? பறவையின் நுரையீரலோடு காற்றுப்பைகளும் சேர்ந்து இயங்குகின்றன. மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் புதுக்காற்று நுரையீரல் வழியே ஓடும். பறப்பதற்கு இந்த அமைப்பு தேவை. ஆனால் விஷக்காற்றும் அதே வேகத்தில் ஏறிவிடும். பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களில் 1980-கள் வரை விஷவாயுவைக் கண்டுபிடிக்கக் கேனரிப் பறவைகளை வைத்திருந்தது இதனால்தான்.

நம்ம வீட்டில் முதல் சந்தேகம் நான்ஸ்டிக் தவா மேல் வரணும். காலித் தவாவை அடுப்பில் மறந்துவிட்டு, அதன் பூச்சு சுமார் 280 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடானால் வெளிவரும் புகை, அடுத்த அறையில் இருக்கும் கிளியையும் நிமிடங்களில் கொன்றுவிடும். நமக்கு வாசனைகூடத் தெரியாமல் போகலாம். சாம்பிராணி, கற்பூரம், ஊதுபத்தி, கொசுவர்த்தி, கொசு விரட்டும் லிக்விட், ரூம் ஸ்ப்ரே எல்லாமே கிளி இருக்கும் அறைக்கு ஆகாது. வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும் வீடு என்றால் பூஜை அறைக்கும் கிளிக்கும் நடுவில் மூடிய கதவு இருக்கட்டும். கொசுவுக்கு ஜன்னல் வலைதான் தீர்வு.

முதல் மூன்று நாள்: ஒண்ணும் பண்ணாம இருக்கிறதுதான் வேலை

முடிந்தால் காலையில் கூட்டி வாருங்கள். இருட்டுவதற்குள் தீனி எங்கே, தண்ணீர் எங்கே, எந்தக் குச்சியில் உட்காரலாம் என்று அது கண்டுபிடிக்க நேரம் வேண்டும். பயணப்பெட்டியை மெல்லிய துணியால் மூடி, வழியில் எங்கும் நிற்காமல் வீட்டுக்கு வாருங்கள்.

வந்த பிறகு தினமும் ஒரே நேரத்தில் தீனியும் தண்ணீரும் மாற்றுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே வார்த்தையைச் சொல்லி அருகில் போங்கள், 'வந்துட்டேன்' என்பதுபோல. அடுத்து நடக்கப்போவது என்ன என்று கணிக்க முடிந்தால் கிளியின் பயம் குறையும். அந்த ஒரு வார்த்தை அதற்குப் பெரிய தகவல்.

முறைத்துப் பார்க்காதீர்கள். பக்கவாட்டில் உட்கார்ந்து போனைப் பாருங்கள், புத்தகம் படியுங்கள். நண்பர்களை அழைத்துக் காட்டுவது, ரீல்ஸ் எடுப்பது எல்லாம் அடுத்த மாதம். இரவில் 10 முதல் 12 மணி நேரம் இருட்டும் அமைதியும் வேண்டும். ஆனால் காக்கட்டீல் மட்டும் நடு இருட்டில் சின்னச் சத்தத்துக்கும் மிரண்டு கூண்டில் மோதிக்கொள்ளும் பழக்கம் கொண்டது. அதற்கு ஒரு சிறிய இரவு விளக்கு எரியட்டும்.

ஏற்கெனவே வீட்டில் பறவை இருந்தால் புதியதைக் குறைந்தது 30 நாள் வேறு அறையில் வையுங்கள். கிளிக் காய்ச்சல் எனப்படும் சிட்டகோசிஸ், பறவைகளிடமிருந்து மனிதருக்கும் பரவும் பாக்டீரியா தொற்று. எச்சம் காய்ந்து தூசியாகப் பறக்காமல், அடியில் விரித்த காகிதத்தைத் தினமும் லேசாக ஈரப்படுத்தி எடுத்துவிடுங்கள். வீட்டில் யாருக்காவது காய்ச்சலும் வறட்டு இருமலும் வந்தால் டாக்டரிடம் 'வீட்ல கிளி இருக்கு' என்று சொல்ல மறக்காதீர்கள்.

இது பயமா, நோயா?

புதிதாக வளர்ப்பவர்கள் அதிகம் தவறவிடும் இடம் இது. வேட்டையாடப்படும் பறவை தன் நோயை மறைக்கும். வெளியே தெரியும்போது பாதி காலம் கடந்திருக்கும். வித்தியாசத்தை இப்படிப் பார்க்கலாம்.

பயந்த கிளி: இறகை உடம்போடு இறுக்கி, மெலிந்து உயரமாக நிற்கும். கண் அகலமாக இருக்கும். காக்கட்டீல் என்றால் கொண்டை செங்குத்தாக நிற்கும். நீங்கள் அறையை விட்டுப் போனதும் தின்னும்.

நோயுற்ற கிளி: நாள் முழுக்க இறகை உப்பிக்கொண்டு உட்காரும். பகலிலேயே தூங்கும். கூண்டின் தரையில் உட்காரும். மூச்சு விடும்போதெல்லாம் வால் மேலும் கீழும் ஆடும். நீங்கள் இல்லாதபோதும் தின்னாது.

பழக ஆரம்பித்த கிளி: ஒரு காலைத் தூக்கிக்கொண்டு உட்காரும். இறகைக் கோதும், ஒருமுறை சிலிர்த்து உதறும். தூங்கும் முன் அலகை மெல்ல அரைக்கும்.

கண்ணை மட்டும் நம்ப வேண்டாம், எடை பாருங்கள். ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு போதும். வளர்ந்த பறவையின் தோராயமான எடை: பட்ஜரிகர் 30 முதல் 40 கிராம், லவ்பேர்ட் 45 முதல் 60, காக்கட்டீல் 80 முதல் 100, சன் கன்யூர் 100 முதல் 120. 35 கிராம் பட்ஜரிகர் 3.5 கிராம் குறைந்தால், அது 70 கிலோ ஆள் சில நாளில் 7 கிலோ இழந்ததற்குச் சமம். எடையில் 10 சதவீதம் குறைந்தாலோ, ஒரு முழு நாள் எதையும் தின்னாமல் எச்சமும் குறைந்தாலோ காத்திருக்கக் கூடாது.

முதல் வாரத்தில் பறவையைப் பிடித்து எடை போட வேண்டாம். கூண்டின் குச்சியைத் தராசு மேல் வைத்து, அது தானாக வந்து உட்காரும் நாள் வரும். அதுவரை தீனி எவ்வளவு குறைந்தது, எச்சம் எத்தனை விழுந்தது என்று குறித்தாலே போதும். தீனிக் கிண்ணத்தில் நிறைந்து கிடப்பது வெறும் உமியாக இருக்கலாம், ஊதிப் பாருங்கள்.

எல்லாக் கால்நடை மருத்துவர்களும் பறவை பார்ப்பதில்லை. திருவனந்தபுரத்தில் பி.எம்.ஜி.யில் உள்ள மாவட்டக் கால்நடை மையம், குடப்பனக்குன்னில் உள்ள அரசுப் பன்னோக்குக் கால்நடை மருத்துவமனை, சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களுக்கு முதலில் போன் செய்து, பறவை பார்க்கும் டாக்டர் எந்த நாளில் இருப்பார் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கிளி வாங்குவதற்கு முன்பே இதைச் செய்வது நல்லது.

நெருங்குவது எப்படி? இரண்டு எண்கள் போதும்

பயத்தை அளக்க முடியுமா? முடியும். ஒரு எக்செல் ஷீட்டைத் திறந்து தினமும் இரண்டு எண்களை மட்டும் குறியுங்கள். ஒன்று, கூண்டிலிருந்து எத்தனை அடி தள்ளி உட்கார்ந்தீர்கள். இன்னொன்று, நீங்கள் உட்கார்ந்த பின் கிளி மறுபடி தின்ன ஆரம்பிக்க எத்தனை நிமிடம் ஆனது.

உதாரணத்துக்கு ஒரு கற்பனைக் கணக்கு. முதல் நாள் 8 அடியில் 20 நிமிடம். நான்காம் நாள் அதே 8 அடியில் 5 நிமிடம். இப்போ ஒரு அடி முன்னால் போகலாம். 7 அடியில் மறுபடி 12 நிமிடம் ஆகுதா? அங்கேயே இரண்டு நாள் இருங்கள். நிமிடம் குறைந்தால் மட்டுமே அடி குறையணும். கிளி அசையாமல் உறைந்துவிட்டால் நீங்கள் கோட்டைத் தாண்டிவிட்டீர்கள் என்று அர்த்தம். சத்தமில்லாமல் ஒரு அடி பின்னால் போங்கள். இந்த ஷீட் உங்கள் அவசரத்துக்கும் ஒரு பிரேக். 'ஒரு முன்னேற்றமும் இல்ல' என்று தோன்றும் நாளில் வரைபடத்தைப் பார்த்தால் கோடு இறங்கியிருப்பது தெரியும்.

கூண்டை ஒட்டி உட்கார முடிகிற நாளில் லஞ்சத்தை எடுங்கள். அந்த லஞ்சம் தினைக்கதிர். தினைப்புனத்தில் கிளி ஓட்டும் வேலை குறிஞ்சி நிலத்துப் பெண்களுக்கு இருந்ததற்குக் காரணமே கிளிக்குத் தினைமேல் உள்ள மோகம்தான். இந்தத் தினையை அன்றாடக் கிண்ணத்தில் போடாமல், உங்கள் கையிலிருந்து மட்டும் கிடைக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

* முதலில் கம்பிக்கு வெளியிலிருந்து நீளமான கதிர். கையும் அலகும் தள்ளியே இருக்கும்.
* அடுத்து கதிரைக் குட்டையாக்கிக்கொண்டே வாருங்கள்.
* பிறகு கதவைத் திறந்து, வாசலிலேயே கை நிற்கட்டும். கிளி வரட்டும், கை உள்ளே போகாது.
* உள்ளங்கையில் கொஞ்சம் தினை. ஒரு கால் கையில், ஒரு கால் குச்சியில் என்று அது நிற்கும் நாள் வரும்.
* கடைசியில் விரல். காலுக்குச் சற்று மேலே வயிற்றோரம் விரலை மெல்ல வைத்து, 'வா' என்று சொல்லுங்கள். ஏறியதும் தினை.

ஒரு தடவைக்கு 5 நிமிடம், நாளைக்கு இரண்டு மூன்று தடவை. நன்றாகப் போகும்போதே நிறுத்துங்கள். சில கிளிக்கு இதெல்லாம் இரண்டு வாரம், சிலவற்றுக்கு நான்கு மாதம். பெற்றோரிடமே வளர்ந்த பட்ஜரிகருக்கு அதிக நாள் ஆவது சகஜம்.

கடித்துவிட்டால்? கத்தாதீர்கள், கூண்டைத் தட்டாதீர்கள். அதைத் தண்டனை என்று கிளி புரிந்துகொள்ளாது. நீங்கள் ஆபத்தானவர் என்றுதான் பதிவாகும். கடிப்பதற்கு முன் இறகு இறுகியது, உடல் பின்னால் சாய்ந்தது, வாய் திறந்தது எல்லாம் நடந்திருக்கும். அடுத்த முறை அந்த இடத்திலேயே நின்றுவிடுங்கள்.

துண்டால் போர்த்திப் பிடித்து 'பயம் தெளியும்வரை' கையில் வைத்திருக்கும் முறை வேண்டவே வேண்டாம். கிளி கடைசியில் அசையாமல் இருப்பது பழகியதால் இல்லை, கைவிட்டுவிட்டதால். இறகு வெட்டுவதும் இதே வகை. தப்பிக்கும் ஒரே வழியை எடுத்துவிட்டால் பயந்த பறவைக்கு மிச்சம் இருப்பது கடிப்பது மட்டும்தான். அதோடு இளம் கிளி பறக்கக் கற்கும் வயது இது.

வெளியே விடுவதற்கு முன்

விரலில் ஏற ஆரம்பித்த பிறகே கூண்டுக்கு வெளியே. ஃபேன் ஸ்விட்சை அணைத்து, அதன் மேல் ஒரு டேப் ஒட்டுங்கள். பழக்க தோஷத்தில் யாராவது போட்டுவிடுவார்கள். ஜன்னலுக்கு வலை, கண்ணாடிக்குத் திரை, கழிவறைக் கதவு மூடியிருக்கணும், பக்கெட்டில் தண்ணீர் திறந்திருக்கக் கூடாது, அடுப்பு எரியக் கூடாது. கடைத்தெருவில் கதவு திறந்து பறந்துபோன குட்டிக் கிளியைத் திரும்பப் பிடிப்பது கிட்டத்தட்ட முடியாது. காக்கைகள் விடாது.

உணவில் மெதுவாக மாற்றம் வரலாம். விதை மட்டுமே தின்னும் கிளிக்கு வைட்டமின் ஏ குறையும். முருங்கைக்கீரை, கேரட், கொத்தமல்லித் தழை, பயறு முளை போன்றவற்றைப் பொடியாக நறுக்கிக் காலையில் கொடுங்கள். சுண்ணாம்புச் சத்துக்குக் கடல் நுரை எனப்படும் கணவாய் ஓட்டைக் கூண்டில் மாட்டுங்கள். அவகாடோ, சாக்லேட், காபி, டீ, மது, வெங்காயம், உப்புப் போட்ட மிக்சர் இவற்றுக்கு எப்போதும் தடை.

ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம், முடியுமா?

நேர்மையாகச் சொன்னால், இதுதான் கஷ்டமான கேள்வி. பேருந்து நேரத்தையும் சேர்த்தால் ஒரு நாளில் 10 அல்லது 11 மணி நேரம் வீடு பூட்டியிருக்கும். கூட்டப் பறவைக்கு அது நீண்ட நேரம். தனியாக வளர்ந்த சாம்பல் கிளிகளின் டெலோமியர், அதாவது வயதோடு தேயும் குரோமோசோம் நுனி, ஜோடியாக வளர்ந்தவற்றைவிடக் குட்டையாக இருப்பதாக வியன்னா ஆய்வாளர்கள் 2014-ல் வெளியிட்டார்கள். தனிமை உடம்பிலேயே பதிவாகிறது.

இரண்டு வழி உண்டு. ஒன்று, ஆரம்பத்திலேயே ஜோடியாக வாங்குவது. அவை உங்களிடம் ஒட்டிக்கொள்வது மெதுவாகலாம், ஆனால் பகலில் ஒன்றுக்கு ஒன்று துணை. இரண்டாவது, பகலுக்கு வேலை கொடுத்துவிட்டுப் போவது. தினையைக் காகிதத்தில் சுற்றி, தென்னை ஓலையில் முடிந்து, நாலு இடத்தில் மாட்டுங்கள். தேடித் தின்னவே மணிக்கணக்கு ஆகும். புதுப் பொம்மையை நேராக உள்ளே மாட்டாமல் இரண்டு நாள் அறையின் மறுபக்கம் வைத்து, பிறகு உள்ளே கொண்டுபோங்கள். காலையில் அரை மணி, மாலையில் ஒரு மணி நேரம் கட்டாயம் உங்களுடையது. அதுவும் முடியாத வேலை என்றால், இப்போதைக்கு வாங்காமல் இருப்பதே கிளிக்குச் செய்யும் நல்லது.

பொங்காலை, தீபாவளி வந்தா?

ஆற்றுகால் பகவதி கோவில் சாலையிலிருந்து மிக அருகில். மாசி மாதத்தில் வரும் பொங்காலை அன்று நகரின் தெருக்களில் செங்கல் அடுப்பு மூட்டிப் பெண்கள் பொங்கலிடுவார்கள். 2009-ல் சுமார் 25 லட்சம் பேர் கலந்துகொண்டதாகக் கின்னஸ் பதிவு இருக்கிறது. காய்ந்த தென்னை மட்டையும் ஓலையும் எரியும் புகை பல மணி நேரம் நிற்கும். பக்தர்களுக்கே கண் எரியும் புகை அது. கிளிக்குத் தாங்காது.

அன்று காலையில் நகர்த்தலாம் என்று இருக்காதீர்கள், போக்குவரத்தே இருக்காது. முந்தின நாளே நகருக்கு வெளியே தெரிந்தவர் வீட்டில், அதே கூண்டோடு, அதே துணியோடு கொண்டுபோய் வையுங்கள். அந்தப் பயணமே அதிர்ச்சியாக இருக்கக் கூடாது என்பதால், ஒரு மாதம் முன்பிருந்தே பயணப்பெட்டிக்குள் தினை வைத்துத் தானாகப் போய்வரப் பழக்குங்கள். மாசி நெருங்கும்போது புதுக் கிளி வாங்குவதைத் தள்ளிப்போடுவது இன்னும் எளிது.

தீபாவளிக்கு இடம் மாற்ற முடியாவிட்டால் உள் அறை, மூடிய ஜன்னல், மூன்று பக்கம் தடித்த துணி, மெல்லிய பாட்டு, எரியும் விளக்கு. வெடிச் சத்தத்தில் மிரண்டால் வெளியே எடுத்துக் கொஞ்ச வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து, வழக்கமான குரலில் பேசினால் போதும்.

30-ம் நாள் என்ன பார்க்கணும்?

கிளி பேச வேண்டாம், தோளில் உட்கார வேண்டாம். நீங்கள் கூண்டுக்குப் பக்கத்தில் இருக்கும்போது தின்கிறதா, இறகு கோதுகிறதா, 'வந்துட்டேன்' என்றதும் முன்பக்கக் குச்சிக்கு வருகிறதா என்று மட்டும் பாருங்கள். மூன்றில் ஒன்று நடந்தாலும் சரியான பாதையில் இருக்கிறீர்கள். ஒன்றும் நடக்கவில்லை என்றால் முதலில் பறவை மருத்துவர், அடுத்துக் கூண்டின் இடம், அதன் பிறகு உங்கள் வேகம். இந்த வரிசையில் சரிபாருங்கள்.

காக்கட்டீல் 15 முதல் 20 ஆண்டு வாழும், சன் கன்யூர் 25 ஆண்டைத் தாண்டக்கூடும். இன்று 28 வயதில் நீங்கள் வாங்கும் கிளி, உங்கள் வேலை, ஊர், வாடகை வீடு எல்லாம் நாலைந்து முறை மாறிய பிறகும் கூடவே இருக்கும். ஒவ்வொரு புது வீட்டிலும் அதற்கு மறுபடி ஒரு முதல் நாள் உண்டு. அப்போதும் இதே மூலை, இதே துணி, இதே வார்த்தை, இதே தினை. எக்செல் ஷீட்டை அழித்துவிடாமல் வைத்திருங்கள்.